உறவு: எதிர்வீடு

மேடிசன்,
ஜூன் 12

அன்புள்ள மார்லிஸ் அத்தைக்கு,

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். போன் இருக்கும்போது இந்தப் பெண் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர்கள். எனக்குப் போனில் பேச வராது. அதிலும் நீங்கள் ஸ்பீக்கரில் போட்டுச் சமையலறை மேசைமேல் வைத்துவிடுவீர்கள். எதிர்வீட்டு கோர்டி எதையாவது மென்றுகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். நான் இரண்டு 'ம்' சொல்லிவிட்டு வைத்துவிடுவேன். சொல்ல நினைத்ததெல்லாம் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் ஞாபகம் வரும்.

முழங்கால் எப்படி இருக்கிறது? நான் நலம். பல்கலைக்கழகப் பதிவு அலுவலகத்தில் என்னை நிரந்தரமாக்கிவிட்டார்கள். ஜன்னலோர மேசை. வெளியே கார் நிறுத்துமிடம்தான் தெரிகிறது, இருந்தாலும் ஜன்னல்.

அப்பா போன வாரம் லாரியோடு இந்தப் பக்கம் வந்தார். சாப்பிட்டுக்கொண்டே, "உங்க அத்தை ஸ்கூல் பஸ் ஓட்டுறத விட்டுட்டா, தெரியுமா?" என்றார். எனக்குத் தெரியாது. உங்களுக்கு அறுபத்திரண்டுதானே ஆகிறது? அறுபத்தைந்து முடிந்து முதியோருக்கு அரசாங்கம் தருகிற மெடிகேர் காப்பீட்டு அட்டை கைக்கு வந்த அன்றுதான் பஸ் சாவியைக் கொடுப்பேன் என்று எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள்! அப்பாவிடம் காரணம் கேட்டேன். "பிள்ளைங்க தொல்லை தாங்கலையாம்" என்றார். உங்கள் வீட்டில் நான் வளர்ந்த அத்தனை வருஷத்தில், நாங்கள் பஸ் சீட்டைக் கிழித்தபோதுகூட நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

காரணம் இருக்கட்டும். பள்ளி கொடுத்த மருத்துவக் காப்பீடு என்ன ஆகும்? மெடிகேருக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறதே.

கேட்டதில் தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
பிரிட்டா


ஹெம்லாக்,
ஜூன் 24

பிரிட்டாக் கண்ணுக்கு,

கடிதம் எழுதியதற்காக மன்னிப்புக் கேட்டவள் இந்த விஸ்கான்சினிலேயே நீ ஒருத்திதான் இருப்பாய். முழங்கால் இருக்கிறது. நானும் இருக்கிறேன். தக்காளி இன்னும் காய்க்கவில்லை.

கடைசி நாளன்று பள்ளியில் கேக் வெட்டினார்கள். அதில் மஞ்சள் பஸ் ஒன்று வரைந்திருந்தது. முன்சக்கரத்தை எனக்குக் கொடுத்தார்கள், தின்றேன். ஏன் விட்டீர்கள் என்கிறாய். நாற்பது பிள்ளைகள் முதுகுக்குப் பின்னால் கத்தினால் நீயும் விட்டுவிடுவாய்.

காப்பீடு இந்த மாதத்தோடு சரி. அதையே தொடர வேண்டுமானால் முழுத் தொகையையும் நானே கட்ட வேண்டுமாம். வந்த தாளை கோர்டியிடம் காட்டினேன்.

"மார்லிஸ், இது வருஷத்துக்கா?"

"மாசத்துக்குய்யா."

"இதுக்கு ஆஸ்பத்திரியையே வாங்கிப்போட்டுடலாமே."

சிரித்துவிட்டு என் பங்கு உருளைக்கிழங்கையும் சாப்பிட்டார். அவருக்கென்ன, மாவட்டச் சாலைத் துறையில் வேலை. கோடையில் குழி அடைப்பு, குளிரில் பனி தள்ளும் லாரி. பல்லுக்கும் கண்ணுக்கும்கூடக் காப்பீடு. இன்னும் ஆறு வருஷம் ஓட்டுவார். நான் காய்ச்சலுக்குக்கூட ஆஸ்பத்திரியில் படுக்காதவள். மூன்று வருஷம் என்ன, தானாக ஓடிவிடும். நீ வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அத்தை,
மார்லிஸ்


மேடிசன்,
ஜூலை 3

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் கையெழுத்தைப் பார்த்ததே பாதி வீடு வந்த மாதிரி இருந்தது. இங்கே வெயில் தாங்கவில்லை. மற்றபடி சௌக்கியம்.

மறுபடியும் அதே பேச்சுதான், கோபித்துக்கொள்ளாதீர்கள். மதிய இடைவேளைகளில் உட்கார்ந்து படித்தேன். வேலையோடு காப்பீடும் போனவர்களுக்கு, அரசாங்கத்தின் இணையச் சந்தையில் வேறு திட்டம் வாங்க அறுபது நாள் தருகிறார்கள். ஏற்கெனவே நோய் இருந்தாலும் அங்கே யாரையும் மறுக்க முடியாது. உங்கள் ஓய்வூதியத்துக்குச் சந்தாவில் பெரும்பகுதியை அரசாங்கமே குறைத்துவிடும். ஆனால் ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கதவு மூடிவிடும். பிறகு நவம்பரில்தான் திறப்பார்கள். அப்போது வாங்கினால் ஜனவரியிலிருந்துதான் செல்லும்.

ஒரு சனிக்கிழமை வந்து உங்களோடு உட்கார்ந்து முடித்துக்கொடுக்கிறேன். வீட்டில் படித்தவள் நீதானே என்று எல்லோரும் என்னிடம் தாளை நீட்டும்போது எனக்குப் பயமாக இருக்கும். கல்லூரியில் இதையெல்லாம் சொல்லித்தரவில்லை. ஆனாலும் இதை நன்றாகவே படித்துவிட்டேன், நம்பலாம்.

என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மட்டும் எழுதுங்கள். எந்தத் திட்டத்தில் அது உண்டு என்று பார்க்க வேண்டும்.

அன்புடன்,
பிரிட்டா


ஹெம்லாக்,
ஜூலை 29

பிரிட்டாவுக்கு,

பதில் தாமதம். பீன்ஸ் ஒரேயடியாகக் காய்த்துவிட்டது, பாட்டிலில் அடைத்து மாளவில்லை. நீ வந்தால் இரண்டு பாட்டில் எடுத்துப் போகலாம். ஆனால் காப்பீட்டுக்காக வர வேண்டாம். அது முடிந்துவிட்டது.

ஒரு ஆள் போன் செய்தார். நல்ல மரியாதையான குரல். ஒரு சங்கமாம். எல்லோரும் மாதாமாதம் கொஞ்சம் போடுவார்கள். யாருக்கு உடம்பு முடியாமல் போனாலும் அந்தப் பணத்திலிருந்து கொடுப்பார்களாம். நான் சொன்னேன், "தம்பி, இதத்தானே நாங்க இங்க பொறந்ததுலேர்ந்து செய்யறோம்!" யாருக்காவது உடம்புக்கு வந்தால் தீயணைப்பு நிலையக் கூடத்தில் ஸ்பகெட்டி விருந்து வைத்து, இறைச்சியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கி, வருகிற பணத்தை அந்த வீட்டுக்குக் கொடுக்கிறோமே. எத்தனை விருந்துக்கு நான் நூடுல்ஸ் வேகவைத்திருப்பேன்! அதையே ஒழுங்காக நாடு முழுக்கச் செய்கிறார்கள், அவ்வளவுதான். சந்தாவும் குறைவு. உன் இணையச் சந்தையில் கேட்பதுபோல் நூறு கேள்வி இல்லை. அட்டைகூட வந்துவிட்டது. நீலநிறம், இரண்டு கைகள் பிடித்துக்கொண்டிருப்பது போலப் படம்.

கோர்டிக்கு அது பிடிக்கவில்லை. "கை குலுக்குற படம் போட்டவன நம்பாத" என்கிறார். அவர் எதைத்தான் நம்பினார்?

உன் அத்தை,
மார்லிஸ்


மேடிசன்,
ஆகஸ்ட் 6

அன்புள்ள அத்தைக்கு,

நலமா? கடிதம் வந்த அன்றைக்கே கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

அந்தச் சங்கத்தின் விதிமுறைகளைத் தேடிப் படித்தேன். 'இது காப்பீடு அல்ல' என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், கடைசியில், பொடி எழுத்தில். பணம் கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவர்களுக்கு இல்லை. சேருவதற்கு முன்பே இருந்த நோய்க்கு முதல் வருஷம் ஒன்றும் கிடையாது. ஸ்பகெட்டி விருந்தில் உங்களுக்கு எல்லோரையும் தெரியும், அவர்களுக்கும் உங்களைத் தெரியும். இவர்களுக்கு உங்களைத் தெரியாது அத்தை.

இன்னும் நாள் இருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் முடித்துவிடலாம். வரட்டுமா?

மருந்தைப் பற்றிக் கேட்டிருந்தேன். நீங்கள் எழுதவில்லை.

அன்புடன்,
பிரிட்டா


மேடிசன்,
ஆகஸ்ட் 22

அத்தை,

உங்களிடமிருந்து பதிலே இல்லை. நேற்று நானே போன் செய்தேன்; எவ்வளவு நேரம் ஒத்திகை பார்த்துவிட்டுச் செய்தேன் தெரியுமா? "அடுப்புல சூப் இருக்குடி, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டீர்கள். சனிக்கிழமை வருகிறேன் என்றதற்கு, வீட்டில் இருக்கமாட்டேன் என்று அப்பாவிடம் சொல்லியனுப்பியிருக்கிறீர்கள்.

நான் ஏதாவது தவறாகச் சொல்லிவிட்டேனா? சொல்லியிருந்தாலும் பரவாயில்லை, திட்டுங்கள். கதவு மூட ஒரு வாரம்தான் இருக்கிறது.

பிரிட்டா


ஹெம்லாக்,
செப்டம்பர் 10

பிரிட்டாக் கண்ணுக்கு,

இங்கே காலையில் குளிர ஆரம்பித்துவிட்டது. நீ நன்றாக இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். உன் கடைசிக் கடிதத்தை நான் இன்றைக்குத்தான் பிரித்தேன். ரொட்டி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

நீ மருந்து மருந்து என்று கேட்டாய். எழுதினால் உண்மையை எழுத வேண்டும். அதனால்தான் எழுதவில்லை.

பஸ் ஓட்டுகிறவர்களுக்கு உரிமம் புதுப்பிக்க டாக்டர் சோதனை உண்டு. இந்த வசந்தத்தில் போனேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்தார். எடுத்தார். மறுபடியும் வைத்தார். "மயக்கம் வருமா?" என்றார். "எப்பவாச்சும்" என்றேன். வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். ஆனால் ஏப்ரலில் ஒருநாள், கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்ட பிறகு, சாலை ஒரு நொடி இல்லாமல் போய்த் திரும்பி வந்தது. பஸ்ஸில் யாரும் இல்லை. இருந்திருந்தால்? அதை நினைத்துக்கொண்டே எப்படிப் பொய் சொல்வது? டாக்டர் கையெழுத்துப் போடவில்லை. பள்ளிக்காரர்கள் நல்லவர்கள், கேக் வாங்கி 'விருப்ப ஓய்வு' என்று சொல்லிக்கொள்ள விட்டார்கள். உடம்பு கெட்டது என்று வேலை போயிற்று, வேலை போயிற்று என்று உடம்பைப் பார்க்கும் வழியும் போயிற்று. இதை நினைத்தால் கோபம்கூட வரமாட்டேன் என்கிறது, அசதிதான் வருகிறது.

போன மாதம் இதயத்தைச் சோதித்துக்கொள்ளட்டுமா என்று சங்கத்துக்குப் போன் செய்தேன். அதே மரியாதையான குரல். "முன்பே இருந்தது போலிருக்கிறதே, அம்மா" என்றது. நீ எழுதியிருந்தது அப்போதுதான் புரிந்தது. புரிந்த பிறகு உன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. அதற்குள் உன் கதவும் மூடிவிட்டது.

சரி, நவம்பரில் வாங்குவோம், நீயே வந்து செய். ஜனவரி வரும். நான் பார்க்காத குளிர்காலமா?

கோர்டியிடம் மூச்சு விடாதே.

மார்லிஸ்


ஹெம்லாக்,
செப்டம்பர் 27

பிரிட்டாவுக்கு,

நீ நல்லா இருப்பேன்னு நம்பறேன். நான் கடிதம் எழுதறது ராணுவத்துல இருந்தப்ப எங்க அம்மாவுக்கு எழுதினதோட சரி. தப்பு இருந்தா பாத்துக்கோ.

உங்க அத்தை வியாழக்கிழமை தபால்பெட்டிகிட்ட விழுந்துட்டா. நான் வாசல்லதான் இருந்தேன். நான் ஓடிவர்றதுக்குள்ள எழுந்து உக்காந்துட்டு, "பூமி வழுக்குது"ன்னா. பூமி காஞ்சுபோய்க் கிடந்துச்சு. தூக்கி வண்டியில போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். இதயம் நடுவுல நடுவுல நின்னு போகுதாம். பேஸ்மேக்கர் வெக்கணும்னு டாக்டர் சொன்னார். இவ, "ஜனவரியில வர்றேன்"னா. அவர் கண்ணாடியக் கழட்டிட்டு, "அம்மா, ஜனவரி வரைக்கும் நானா இருந்தா காத்திருக்கமாட்டேன்"னார். இப்பவே வெச்சா பில்லுக்கு வீடு போயிடும்னு, வேண்டாம்னு இவ கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்கு வந்துட்டா.

அங்க சேர்க்கறப்ப, நோயாளிக்கு நீங்க என்ன உறவுன்னு கேட்டாங்க. எதிர்வீடுன்னேன். அப்ப வெளியில உக்காருங்கன்னுட்டாங்க.

ஊர்ல ஸ்பகெட்டி விருந்து வெக்கலாம்னு போஸ்டர் ஒட்டினாங்க. இவ போய்க் கிழிச்சுட்டா. எங்க ஆபீஸ்ல போய், என் இன்ஷூரன்ஸ்ல இன்னொரு ஆளச் சேக்கலாமான்னு கேட்டேன். மனைவி, பிள்ளைங்க மட்டும்னு சொன்னாங்க. எதிர்வீட்டுக்காரங்கள சேப்பீங்களான்னேன். அந்தப் பொண்ணு சிரிச்சுது.

என்னக் கட்டிக்கறியான்னு நான் அவள மூணு தடவ கேட்டவன், உனக்குத் தெரிஞ்சிருக்கும். மூணு தடவயும் வேண்டாம்னா. வேண்டாம்னா வேண்டாந்தான். இப்பப் போய்க் கேட்டா, பாவம் பாக்கறான்னு நெனப்பா. அவளுக்கு அது ஆகாது.

படிச்ச பொண்ணு நீ. வேற வழி ஏதாச்சும் இருந்தா எழுது.

கோர்டி


மேடிசன்,
அக்டோபர் 2

அன்புள்ள அத்தைக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? தனியாக மாடிப்படி ஏறாதீர்கள். விழுந்தது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள், அவரைத் திட்டவும் செய்யாதீர்கள்.

மூன்று நாளாக எல்லோரிடமும் பேசினேன். நானேதான், போனில்தான். ஏழைகளுக்கான அரசு உதவிக்கு உங்கள் ஓய்வூதியம் சற்று அதிகமாம். பழைய பள்ளிக் காப்பீட்டைத் தொடரும் தேதியும் போய்விட்டது. ஆஸ்பத்திரியின் தர்மக் கணக்குக்கு மனுப் போட்டிருக்கிறேன்; முடிவு சொல்ல மாதக்கணக்கில் ஆகுமாம்.

நவம்பருக்கு முன்னால் திறக்கிற கதவு ஒன்றுதான் இருக்கிறது. கல்யாணம் ஆனால், ஒரு மாதத்துக்குள் கணவரின் வேலைக் காப்பீட்டில் மனைவியைச் சேர்க்கலாம். இதைச் சொல்ல எனக்கு என்ன உரிமை என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

பிரிட்டா


ஹெம்லாக்,
அக்டோபர் 9

பிரிட்டாவுக்கு,

நான் இருக்கிறேன். இரண்டு முறை கண் இருட்டியது, உட்கார்ந்துவிட்டேன், விழவில்லை.

உரிமை இருக்கிறதா என்று கேட்டாய். உன்னை வளர்த்தவள் நான், உனக்கில்லாத உரிமையா? ஆனால் இதை என்னால் செய்ய முடியாது. கேட்டுக்கொள், ஒரு தடவைதான் சொல்வேன்.

முதல் தடவை கோர்டி, உறைந்த ஏரியில் மீன் பிடிக்கிற குடிலில் கேட்டார். மோதிரத்தைத் தூண்டில் பெட்டியில் வைத்திருந்தார், புழு டப்பாவுக்குப் பக்கத்தில். சிரித்துவிட்டேன். இரண்டாவது, வெள்ளிக்கிழமை மீன் வறுவலுக்குப் போன இடத்தில், பத்துப் பேர் பார்க்க, முட்டிபோட்டு. "எழுந்திருய்யா, மீன் ஆறுது" என்றேன். மூன்றாவது, என் கராஜ் கூரையில் ஆணி அடித்துக்கொண்டே கேட்டார், என் முகத்தைப் பார்க்காமல். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "ஒருத்தனோட வாழ்ந்தாச்சு, போதும்" என்றேன். அந்த ஒருத்தன் என்னை எப்படி விட்டுப் போனான் என்று உனக்குத் தெரியும். அதன் பிறகு பயம், வேறொன்றுமில்லை. கோர்டி இறங்கிவந்து, கையைத் துடைத்துக்கொண்டு, "கூரை இனி ஒழுகாது" என்றார். பிறகு கேட்கவே இல்லை.

அன்போடு கேட்ட மூன்று தடவையும் வேண்டாம் என்றவள், இப்போது நோயைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்து போய், "யோவ், இன்ஷூரன்சுக்காகக் கட்டிக்கோ" என்று கேட்பதா? அவர் மாட்டேன் என்று சொல்லமாட்டார். அதுதான் எனக்குத் தாங்காது. கடைசிவரை அவர் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம், இவள் எதற்காக வந்தாள் என்று நினைக்கமாட்டாரா?

இதில் ஒரு வார்த்தைகூட அவருக்குப் போகக் கூடாது. சத்தியம்.

களைப்பாக இருக்கிறது கண்ணு. இதோடு விடு.

மார்லிஸ்


மேடிசன்,
அக்டோபர் 14

அன்புள்ள கோர்டி அவர்களுக்கு,

உங்களுக்கு எழுதுவதற்கு மன்னிக்க வேண்டும். எழுதிப் பழக்கமில்லை என்று நீங்கள் சொன்ன கடிதத்தைப் பலமுறை படித்தேன். நீங்கள் சௌக்கியமா? லாரியைப் பனிக்குத் தயார் செய்ய ஆரம்பித்திருப்பீர்கள்.

வேறு வழி இருந்தால் எழுதச் சொன்னீர்கள். தெரிந்த இடமெல்லாம் கேட்டுப் பார்த்தேன். ஜனவரிக்கு முன்னால் சந்தையில் ஒன்றும் இல்லை. அத்தை எனக்கு எழுதியதைப் பற்றி நான் உங்களிடம் பேசக் கூடாது. வாக்குக் கொடுத்ததுபோலத்தான். அதனால் அத்தை எழுதாத ஒன்றை, நான் கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மூன்றாம் வகுப்பில் பள்ளியில் ஓர் அட்டை கொடுத்தார்கள். அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்று எழுத வேண்டும். நான் உங்கள் பெயரை எழுதி, உறவு என்ற இடத்தில் 'மாமா' என்று எழுதினேன். அத்தை அதை அடித்துவிட்டு 'எதிர்வீடு' என்று எழுதினார்கள். அடிப்பதற்கு முன்னால் பேனாவைப் பிடித்தபடி வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

பனி பெய்கிற காலைகளில், விடிவதற்கு முன்னால் உங்கள் லாரி எங்கள் சாலையில் வரும். எல்லா வீட்டு வாசலிலும் பனியைக் கரையாகத் தள்ளிவிட்டுப் போகிற லாரி, எங்கள் தபால்பெட்டி அருகில் மட்டும் பனி தள்ளும் இரும்புத் தகட்டைத் தூக்கும். எங்கள் வாசலை மட்டும் யாரும் மண்வாரியால் வெட்டி எடுக்க வேண்டியதில்லை. அத்தை அதைக் கவனித்ததே இல்லை என்று நீங்கள் நினைத்திருக்கலாம். லாரிச் சத்தம் வளைவில் கேட்டதும் அத்தை சமையலறை விளக்கை அணைத்துவிடுவார்கள், நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்று. இருட்டில் ஜன்னலருகே நிற்பார்கள். நீங்கள் தகட்டைத் தூக்கி, கடந்து, மறுபடி இறக்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் விளக்கைப் போட்டுக் காபி வைப்பார்கள். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து, நான் கல்லூரிக்குப் போகும்வரை, ஒரு குளிர்காலம்கூட இது தவறியதில்லை. எனக்குப் பசித்தாலும் அதற்கு முன்னால் அடுப்புப் பற்றாது.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்று எழுதியிருந்தீர்கள். அது சரியான பேச்சு. ஆனால் அந்த வார்த்தையைச் சொன்ன அன்றைக்கு இருந்த அத்தையை உங்களுக்குத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு நிற்கிற அத்தையை எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் யாரிடமும் எதையும் கேட்டுப் பழகியவள் இல்லை. கடையில் மீதிச் சில்லறை குறைந்தால்கூடக் கேட்காமல் வந்துவிடுவேன். இதை மட்டும் கேட்கிறேன். காப்பீட்டைப் பற்றி நீங்கள் பேசாதீர்கள். அத்தை பேசினால் பேசட்டும், மறுக்காதீர்கள். மீனோ ஆணியோ நடுவில் வேண்டாம். அத்தை உட்கார்ந்திருக்கும்போது, முகத்தைப் பார்த்து, இந்த வாரமே, இன்னும் ஒரு தடவை கேளுங்கள் மாமா.

பிரிட்டா